மாத்திரைக்காக ஒரு நாள் கூலி

எல்லோருக்கும் மருத்துவம் என்ற பெரிய கனவை 2017இல் மூன்று வட்டாரங்களில் தமிழ்நாடு சோதித்துப் பார்த்தது. அதில் ஒன்று வேப்பந்தட்டை.

வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி எடுக்கப் போகும் ஒரு ஆயாவை எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிவிட்டார். சுகரும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. இரண்டுக்கும் அரசாங்கம் காசு வாங்காமல் மாத்திரை தருகிறது. ஆனால் அதை வாங்க மாதம் ஒருநாள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு பஸ் ஏற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போட்டு, ரத்தம் கொடுத்து, எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். டாக்டர் முகத்தைப் பார்த்து, மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்பும்போது பொழுது உச்சியைத் தாண்டியிருக்கும். அன்றைக்குக் காட்டுவேலை போச்சு, கூலியும் போச்சு.

இரண்டு மாதம் போவார். மூன்றாவது மாதம் எடுப்பு மும்முரமாக இருக்கும். "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார். தலை சுற்றினால் உள்ளூர் மெடிக்கலில் நாலு மாத்திரை, இல்லையென்றால் தனியார் கிளினிக்கில் ஒரு ஊசி. ஒருநாள் காலையில் வாய் கோணி, ஒரு பக்கம் கை விழுந்துவிடும். 108 வரும். பெரம்பலூர் ஜி.எச்., அங்கிருந்து திருச்சி. பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருந்த காப்பீட்டு அட்டைக்கு அப்போதுதான் வேலை வரும்.

இலவச மருத்துவம் இருந்தும் அது ஒருவருக்கு எட்டாமல் போவது இப்படித்தான். அந்த ஆயாவுக்குக் குறுக்கே நின்றது டாக்டரின் பீஸ் அல்ல, ஒரு நாள் கூலி.

இந்தத் தூரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் 2017இல் தமிழ்நாடு அரசு மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை. அனைவருக்கும் மருத்துவ வசதி என்ற பெரிய பெயர்தான். செய்தது என்னவோ எளிய காரியம். பூட்டிக் கிடந்த துணை சுகாதார நிலையத்தைத் திறந்துவைத்தார்கள்.

துணை சுகாதார நிலையம் என்றால் நகரத்து வாசகர்களில் பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவ அமைப்பின் கடைக்கோடி அது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 8,700 இருக்கின்றன. ஊர்க்கோடியில் ஒரு சின்னக் கட்டடம், அதற்கு ஒரே ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவருக்குப் பெயர் நர்சம்மா. கர்ப்பிணிகளைப் பதிந்து பிக்மி எண் வாங்கித் தருவது, தடுப்பூசி, குடும்பநலம், பள்ளிக்கூட முகாம், காய்ச்சல் கணக்கு, எழுதித் தீராத பதிவேடுகள் என்று எல்லாம் அவர் தலையில். அவர் வீடு வீடாகப் போனால் கட்டடத்தில் பூட்டுத் தொங்கும். கட்டடத்தில் உட்கார்ந்தால் வீடுகள் விட்டுப்போகும். அதனால் காய்ச்சல் என்றோ சுகர் என்றோ யாரும் அங்கே போவதில்லை. தடுப்பூசி போடும் இடம் என்றுதான் ஊர் அதை வைத்திருந்தது.

முன்னோட்டத்தில் செய்தது, ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டாவதாக ஒரு செவிலியரைப் போட்டதுதான். ஒருவர் ஊருக்குள் போனால் மற்றவர் நிலையத்தில் இருப்பார். மருந்துப் பட்டியலை நீட்டினார்கள். சுகரும் பிரஷரும் அங்கேயே பார்க்கலாம். டாக்டர் ஒருமுறை எழுதிக்கொடுத்துவிட்டால், மாதாமாதம் மாத்திரையை ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். பெயர்ப்பலகையில் பல்நோக்கு என்ற சொல்கூட இல்லை. ரிப்பன் வெட்ட வசதியில்லாத திட்டம் என்பதால் பத்திரிகைகளும் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் தமிழ்நாட்டு இயக்குநராக அந்தக் காலத்தில் இருந்தவர் தரேஸ் அஹமது. அதற்குமுன் பெரம்பலூர் ஆட்சியராக இருந்தவர். வேப்பந்தட்டையின் ஊர்ப்பாதைகள் அவருக்குப் புதிதல்ல.

இந்த வட்டாரம் தேர்வானதில் ஒரு பொருத்தம் உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிக் கிடப்பது வேப்பந்தட்டை. மானாவாரிக் காடுகள் நிறைந்த பகுதி. வானம் பார்த்தால்தான் பருத்தியும் மக்காச்சோளமும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது. அரும்பாவூரில் மரச்சிற்பம், எறையூரில் சர்க்கரை ஆலை. விவசாயத்தை மட்டும் நம்பினால் கட்டாது என்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆண்கள் ஊருக்கு ஊர் உண்டு. மாவட்டத்துக்கு இன்றுவரை அரசு மருத்துவக் கல்லூரி வாய்க்கவில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோது, பெரம்பலூரிலிருந்து பிரிந்துபோன அரியலூருக்கு ஒன்று கிடைத்தது; தாய் மாவட்டத்துக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்லூரி வந்தாலும் பருத்தி எடுக்கும் ஆயாவின் மாத்திரைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

முன்னோட்டம் என்ன சாதித்தது என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பம் மற்றும் கொள்கை மையத்தினர். பேராசிரியர் வி.ஆர்.முரளீதரன் தலைமையிலான குழு. 2018இல் வந்த அவர்களுடைய அறிக்கையின் தலைப்பே, எதிர்பார்த்ததை இது கொடுத்ததா என்ற கேள்விதான். சூளகிரியிலும் விராலிமலையிலும் வீடுவீடாக எடுத்த கணக்கில், வெளிநோயாளிகளில் துணை நிலையத்துக்குப் போனவர்கள் முன்பு நூற்றுக்கு ஒருவர். முன்னோட்டத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் அங்கே போனார். தனியாரிடம் போனவர்கள் பாதிக்குப் பாதி இருந்த நிலை மாறி, கால் பங்கை ஒட்டி இறங்கியது. கைக்காசு செலவும் அதோடு சேர்ந்து மளமளவென்று குறைந்தது.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது தனியாரின் பங்கு இறங்கியதுதான். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை, காசு கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். பக்கத்திலேயே கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது என்று தெரிந்தவுடன் அந்த நம்பிக்கையின்மை ஒரே வருஷத்தில் பாதியாகக் கரைந்துவிட்டதே! தனியார் கிளினிக்குக்கு ஓடியவர்கள் ஆசைப்பட்டு ஓடவில்லை. அது சாயங்காலம் திறந்திருக்கும், வேலை முடித்துவிட்டுப் போகலாம் என்பதுதான் காரணம்.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு மாநிலம் எல்லோருக்கும் மருத்துவம் என்று அறிவித்தால், நம் நாட்டில் முதலில் கைக்கு வருவது அட்டை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஏறத்தாழ 1.4 கோடிக் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை, புற்றுநோய், டயாலிசிஸ் என்று அதனால் பிழைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. குறைத்து மதிப்பிட மாட்டேன். அரசு மருத்துவமனைகளும் அந்தத் திட்டத்தில் பணம் பெறுகின்றன என்பது தமிழ்நாட்டின் புத்திசாலித்தனம்.

ஆனால் அட்டைக்கு ஒரு குணம் உண்டு. படுக்கையில் விழுந்தால்தான் அது திரும்பிப் பார்க்கும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை, பரிசோதனை, பஸ் செலவு, போன கூலி எதுவும் அதன் கணக்கில் வராது. குடும்பத்தைச் சிறுகச் சிறுக அரிப்பது இவைதான். நாட்டு மக்கள் மருத்துவத்துக்காகச் செலவழிக்கும் கைக்காசு, மொத்த மருத்துவச் செலவில் 2013-14இல் 64 சதவீதமாக இருந்தது. 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்திருப்பதாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்த பிறகும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் நோயாளியின் மடியிலிருந்துதான் போகிறது. அதில் பெரும்பங்கு வெளிநோயாளிச் செலவும் மருந்தும். வாய் கோணிய பிறகு லட்ச ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, கோணாமல் இருக்க ஒரு செவிலியரின் சம்பளத்தைக் கொடுக்க யோசித்தால் அது கணக்குத் தெரியாத சிக்கனம்.

2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு இதைப் போட்டு உடைத்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். இலவச மாத்திரை இல்லாத மாநிலத்தின் கணக்கு அல்ல இது. மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தின் கணக்கு.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வரும் திட்டம். முன்னோட்டம் நடந்த மூன்று வட்டாரங்களில் ஒன்றான சூளகிரியும் அந்த மாவட்டத்தில்தான். நடுவில் ஆட்சி மாறியது, பெயர் மாறியது, சுவரில் ஒட்டும் படமும் மாறியது. யோசனை மட்டும் தொடர்ந்தது. முந்தைய ஆட்சி இதை எங்களுடைய விதை என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்து வந்த ஆட்சி எங்களுடைய விளைச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். மாத்திரை வாங்குகிறவருக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. இரண்டாவது கணக்கெடுப்பு வந்தபோது கட்டுக்குள் இருப்பவர்கள் இரண்டு நோயிலும் பதினேழு சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருந்தார்கள். 2024இல் ஐ.நா. விருதும் வந்தது. சந்தோஷம்தான். நூற்றில் எண்பத்து மூன்று பேர் இன்னும் கட்டுக்கு வெளியே என்பதையும் விருதுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

நடுவே ஒன்று. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதே, அது மருத்துவத் துறையின் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்கும் பெண்களைக் கேட்டால் அதுவும் ஒரு மருத்துவத் திட்டம் என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடிந்ததற்கு அடியில் பழைய கட்டுமானம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1939இல். பொதுச் சுகாதாரத்துக்கு என்று தனித் துறை, தனி அதிகாரிகள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். அதில் உள்ள தொகைக்கு ஏற்ப, தேவையான மருந்தை அந்தந்த நிலையமே எடுத்துக்கொள்ளலாம். மேலே உட்கார்ந்திருப்பவர் அனுப்பியதை வாங்கிக்கொள் என்ற பழைய முறை ஒழிந்தது. விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அந்த மாத்திரை அட்டை கடைக்கோடிக்குப் போய்ச் சேரும் வழி அப்படித்தான் உருவானது. வேப்பந்தட்டையில் இரண்டாவது செவிலியரை உட்கார வைத்தவுடன் காரியம் நடந்ததென்றால், அவர் கைநீட்டினால் மருந்து வரும் ஏற்பாடு முன்பே இருந்ததுதான் காரணம். இது இல்லாத மாநிலங்களில் செவிலியரை மட்டும் போட்டால் அவர் வெறும் அலமாரிக்குக் காவல் இருப்பார்.

சின்ன இடத்தில் தொடங்கி மாநிலத்துக்குப் போவது என்பது நம் கண்டுபிடிப்பல்ல. கனடாவில் சஸ்காட்செவன் என்றொரு மாகாணம். கோதுமை விளையும் வறண்ட பூமி. 1946 ஜூலை 1ஆம் தேதி, அங்கே ஸ்விஃப்ட் கரண்ட் என்ற பகுதியில் மட்டும் எல்லோருக்கும் டாக்டர், எல்லோருக்கும் ஆஸ்பத்திரி என்று தொடங்கினார்கள். விவசாயிகளே வரி கட்டி நடத்தினார்கள். அடுத்த ஆண்டு மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்றது. டாக்டர் செலவையும் ஏற்க இன்னும் பதினைந்து ஆண்டு பிடித்தது. 1962 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 23 நாள் நடந்தது. அரசு பின்வாங்கவில்லை. நாலே வருஷத்தில், 1966இல், கனடா நாட்டுக்கே அது சட்டமானது. இந்தக் கதையில், மாகாண முதல்வராக இருந்த டாமி டக்ளஸின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஸ்விஃப்ட் கரண்ட் விவசாயிகள் பதினாறு வருஷம் நடத்திக் காட்டியிருக்காவிட்டால், இது நடக்காத காரியம் என்று வாதாடியவர்களுக்கு டக்ளஸிடம் பதில் இருந்திருக்காது.

எதிர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2011இல் எல்லோருக்கும் அரசே மருத்துவச் செலவை ஏற்கும் என்று சட்டம் போட்டது. பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. 2014 டிசம்பரில் வரிக்கணக்கைப் போட்டுப் பார்த்த ஆளுநர் பீட்டர் ஷம்லின், சட்டத்துக்காகப் பாடுபட்ட அவரே, இது ஆகாது என்று கைவிட்டார்.

அங்கே சட்டம் இருந்தது, பணம் இல்லை. இங்கே திட்டம் இருக்கிறது, சட்டம் இல்லை. 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டமன்றம் மருத்துவ உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டில் அதுதான் முதல். அங்கும் தனியார் டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். தமிழ்நாட்டின் 1939ஆம் ஆண்டுச் சட்டம் கொள்ளைநோயையும் குடிநீரையும் சாக்கடையையும் பற்றிப் பேசும். எனக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்று ஒருவர் கேட்க அதில் இடமில்லை. இதனால் நடைமுறையில் என்ன நஷ்டம் என்றால், துணை நிலையம் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் அது நிர்வாகக் குறை. உரிமை மீறல் அல்ல.

பணமும் யோசிக்க வைக்கும் அளவில்தான் இருக்கிறது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். தொகை பெரிதுதான். மொத்தச் செலவில் வைத்துப் பார்த்தால் ஐந்து சதவீதத்தை ஒட்டி. மாநிலங்கள் எட்டு சதவீதத்துக்கு மேல் செலவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு தேசிய நலக் கொள்கை சொன்னது; அதற்கான கெடு 2020.

அந்த இடைவெளி எங்கே தெரியும் என்றால், ஆள் எடுப்பதில். முன்னோட்டத்தின் உயிரே இரண்டாவது ஆள்தான். மத்திய அரசு 2018இல் நலவாழ்வு மையங்களை அறிவித்ததோடு இந்த யோசனை மாநிலம் முழுக்கப் போனது. ஆனால் போகும்போது அந்த இரண்டாவது ஆள் ஒப்பந்தத் தொகுப்பூதியத்துக்கு மாறினார், இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில். மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண் தன்னார்வலருக்கோ மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை மட்டும். பல வீட்டு ஆயாக்களின் சுகர் கணக்கு அவர் விரல்நுனியில் இருக்கும். நூறுநாள் வேலைக்கு எந்த வீட்டார் போயிருக்கிறார்கள், யார் மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வட்டாரத்தில் சோதித்தது ஒன்று, மாநிலம் முழுக்கப் பரப்பியது அதைவிட மலிவான வேறொன்று. முன்னோட்டத்தின் வெற்றியைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு குறை, இந்த மண்ணுக்கே உரியது. முன்னோட்டம் தொடங்கிய அதே 2017ஆம் ஆண்டு, மழைக்காலத்தில், பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளும் மயங்கி விழுந்து, சிலர் இறந்துபோனார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்த செடிகளுக்கு நடுவே, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலைக்குமேல் தெளித்த மருந்து அவர்கள் மேலேயே இறங்கியது. சுகரும் பிரஷரும் சென்னையிலும் உண்டு, சூளகிரியிலும் உண்டு. பருத்திக்கு மருந்தடித்து மயங்கி விழுவது இங்கே பெரிது. மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி ஒருவரைக் கொண்டுவந்தால் முதல் அரைமணி நேரத்தில் என்ன செய்வது, விஷமுறிவுக்கான அட்ரோபின் ஊசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இரவில் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எது என்பதெல்லாம் பருத்திப் பருவத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே பட்டியல் போடுகிறவர்களுக்கு இது தோன்றாது. காட்டில் நிற்கிறவர்களுக்குத்தான் தோன்றும்.

அவர்களைக் கேட்க ஏற்பாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. ஊருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் அதற்கென்று வரும். கொசு மருந்து, பிளீச்சிங் பவுடர் என்று செலவாகிவிடும். கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தில் தெருவிளக்கும் குடிநீரும் டாஸ்மாக்கும் இருக்கும். துணை சுகாதார நிலையம் போன மாதம் எத்தனை நாள் திறந்திருந்தது, எந்த மாத்திரை தீர்ந்துபோனது, இரண்டாவது நர்சம்மா இடம் நிரம்பியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளும் இருக்காது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 எல்லாம் கிராமசபை கூடும் நாள்கள்தான். வேப்பந்தட்டை வட்டாரத்து ஊராட்சிகளில் அடுத்து கூடும் சபையில் யாராவது எழுந்து இந்த மூன்றையும் கேட்டால், பதிவேட்டைப் பார்த்து அங்கேயே பதில் சொல்லிவிடலாம்.